மொட்டை மாடியிலிருந்து எடுக்கும் படம் ஏன் உயிரில்லாமல் வருகிறது?

கேள்வி:
அந்தி நேரத்தில் மாடியில் நின்றால் மனசு நிறைந்துபோகிறது. படத்திலோ வெளுத்த வானமும் கறுத்த கட்டடங்களும்தான். அகலமாகக் காட்டும் 18 மிமீ லென்ஸ், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, கையில் பிடித்தே எடுக்கிறேன். எங்கே தவறு?

பதில் 1:
நேரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். சூரியன் மறைந்ததும் கீழே இறங்கிவிடாதீர்கள். இன்னும் 20 நிமிடம் பொறுங்கள். வானத்தின் நீலமும் ஜன்னல் விளக்குகளும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்துக்கு வரும். அது கொஞ்ச நேரம்தான் நிற்கும். ட்ரைபாட் (கேமரா முக்காலி), ஐஎஸ்ஓ 100, எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), கை பட்டு ஆடாமலிருக்க 2 விநாடி டைமர். காற்று அடித்தால் ட்ரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், ஆடும்.

பதில் 2:
18 மிமீயில் தூரத்துக் கட்டடம் எல்லாம் எறும்பாகிவிடும். 100 மிமீக்கு மேல் போய்ப் பாருங்கள், கூரைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினதுபோல் நெருங்கி வரும். எனக்கு அதுதான் உயிர். புகைப்பட முன்னோடியான பிரெஞ்சுக்காரர் நீப்ஸ் 1826 அல்லது 1827இல் எடுத்த, இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படத்திலும் மாடி ஜன்னலிலிருந்து தெரியும் கூரைகள்தான்! அதைப் பார்க்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

பதில் 3:
கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுங்கள். கைப்பிடிச் சுவருக்கு வெளியே கேமராவை நீட்டவே வேண்டாம். கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

கேட்டவர்:
நேற்று காத்திருந்து எடுத்தேன். எதிர் வீட்டு ஜன்னலின் மஞ்சள் வெளிச்சம், பின்னால் கருநீல வானம். இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நன்றி!