பி.காம், சிஏ இன்டர்ல பாதி, 4 வருஷ அக்கவுண்ட்ஸ் வேலை... இதுக்கு மேல எம்பிஏ தேவையா?

விருதுநகர்_வவுச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 28, ஊரு விருதுநகர், இப்ப சென்னை ஓஎம்ஆர்ல ஒரு ஜிசிசில (வெளிநாட்டு கம்பெனியோட இந்திய ஆபீஸ்) ஆர்டூஆர் டீம்ல (கணக்க பதிஞ்சு, முடிச்சு, ரிப்போர்ட் குடுக்குற வேலை) சீனியரா இருக்கேன். பி.காம் முடிச்சு, சிஏ இன்டர் ஃபர்ஸ்ட் குரூப் கிளியர் பண்ணி, பழைய ஸ்கீம்ல ஆர்டிகிள்ஷிப் (ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சி) 3 வருஷமும் முடிச்சாச்சு, ரெண்டாவது குரூப் மட்டும் அப்படியே நிக்குது. வேலைக்கு வந்ததுக்கு அப்புறம் புக்க தொடவே நேரம் இல்ல, மாசக் கடைசி வந்தா குளோசிங்குக்கு (அந்த மாசக் கணக்க முடிக்கிறது) அக்ரூவல், இன்டர்கம்பெனி ரெக்கன்சிலியேஷன், ஜர்னல்னு ராத்திரி 11 ஆயிடுது.

பிரச்சனை என்னன்னா அடுத்த போஸ்ட் அசிஸ்டென்ட் மேனேஜர். இன்டர்னல் போஸ்டிங்ல "சிஏ அல்லது சிஎம்ஏ அல்லது எம்பிஏ ஃபைனான்ஸ்"னு போட்டிருக்காங்க, சிஎம்ஏன்னா காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு. வேலை நான்தான் பாக்குறேன், அப்ளை பண்ண முடியல. ஆன்லைன் எம்பிஏ ஒன்னரை ரெண்டு லட்சத்துல முடிஞ்சிடும்ங்கிறாங்க. வேலையை விட்டுட்டு கேட் (எம்பிஏ நுழைவுத் தேர்வு) எழுதி ஃபுல் டைம் போன்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றா. சம்பளம் வருஷத்துக்கு 7 லட்சம் கிட்ட. வீட்டுக்கும் காசு அனுப்பணும். அம்மாவுக்கு எம்பிஏதான் இஷ்டம், மாப்பிள்ளை வீட்ல சொல்ல நல்லா இருக்குமாம் 😑 அத விடுங்க. அக்கவுண்ட்ஸ் லைன்ல இருக்கிறவங்களுக்கு எம்பிஏ உண்மையிலயே காசுக்கு தகுந்த படிப்பா?

திருப்பூர்_ஆடிட்டர்:
தங்கச்சி, நான் பிராக்டிஸ் பண்ற சிஏ, அதனால என் பேச்சு ஒரு பக்கமா சாயும், அத வச்சுக்கிட்டே படி. எம்பிஏ எந்த பேப்பர்லயும் உன்ன கையெழுத்து போட விடாது. கம்பெனி ஆடிட், டாக்ஸ் ஆடிட் ரெண்டுக்கும் பிராக்டிஸ்ல இருக்கிற சிஏ கையெழுத்துதான் வேணும், நீ எவ்ளோ பெரிய காலேஜ்ல எம்பிஏ படிச்சாலும் அது மாறாது. உனக்கு மிச்சம் என்ன, செகண்ட் குரூப். புது ஸ்கீம்ல அது மூணே பேப்பர்: காஸ்டிங், ஆடிட்டிங், எஃப்எம்-எஸ்எம் (ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட், ஸ்ட்ராடெஜிக் மேனேஜ்மென்ட்). ஒவ்வொண்ணுலயும் 40, மூணும் சேத்து 300க்கு 150. ஆர்டிகிள்ஷிப் வேற கையில இருக்கு. இப்ப சேர்ற பசங்களுக்கு 2 வருஷம்தான், ஆனா ரெண்டு குரூப்பும் பாஸ் பண்ணாம உள்ளயே போக முடியாது. நீ பழைய ஸ்கீம் புண்ணியத்துல அத முன்னாடியே முடிச்சுட்ட. சுவரு எழுப்பிட்டு கூரை போடாம பக்கத்து மனையில அஸ்திவாரம் தோண்டுற கதையா இருக்கு நீ கேக்குறது.

ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி ஆயிருந்தா ரீவேலிடேஷன் பண்ணிக்கோ. அப்புறம் 2021லயே யூஜிசி சிஏவ பிஜி டிகிரிக்கு சமம்னு சொல்லியாச்சு, அதனால "பிஜி இல்ல"ங்கிற குறையும் சிஏ முடிச்சா தானா போயிடும்.

எஃப்பிஅண்ட்ஏ_பாண்டி:
அண்ணாச்சி சொல்றது பிராக்டிஸ் பண்றவங்களுக்கு சரி, ஆனா அவங்க ஆடிட் ஆபீஸ் தொறக்கப் போறேன்னு எங்கயும் சொல்லலயே. நான் பி.காம் முடிச்சு ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாத்துட்டு அப்புறம் கேட் எழுதி ஃபுல் டைம் எம்பிஏ போனவன். முதல் டெர்ம்ல அக்கவுண்டிங் பேப்பர் நமக்கெல்லாம் ஒண்ணுமே இல்ல, இன்ஜினியரிங் பசங்களுக்கு நான்தான் டெபிட் கிரெடிட் சொல்லிக் குடுத்தேன். அதுக்காக யாரும் அங்க போறதில்ல. மார்க்கெட்டிங்காரன் எதுக்கு டிஸ்கவுண்ட் கேக்குறான், பிளான்ட்ல ஏன் ஸ்டாக் தேங்குது, இதெல்லாம் புரிஞ்சா எண்ண எழுதுற வேலையில இருந்து எண்ண வச்சு சண்டை போடுற வேலைக்கு மாறலாம். நான் இப்ப பட்ஜெட், ஃபோர்காஸ்ட், வேரியன்ஸ் (பட்ஜெட்டுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசம்) இதான் பாக்குறேன், ஜர்னல் போட்டு ரொம்ப நாளாச்சு, எனக்கு இது பிடிச்சிருக்கு. குளோசிங் வேலையே பிடிக்கும்னா இந்தப் பக்கம் வராதீங்க.

ஆனா கணக்கையும் போட்டுப் பாருங்க. பழைய ஐஐஎம்ல ஃபீஸ் மட்டுமே 20 லட்சத்துக்கு மேல, ரெண்டு வருஷ சம்பளம் 14 போச்சு, ஆக 34. வெளிய வந்து 15 லட்சத்துல சேந்தீங்கன்னு வைங்க, வரி போக இப்ப வாங்குறத விட வருஷத்துக்கு 7 லட்சம் கிட்ட கூட நிக்கும், வட்டி சேக்காமலே போட்டது திரும்பி வர 5 வருஷம். அந்த 15ங்கிறது நல்ல காலேஜ் பிளேஸ்மென்ட்ல வர்ற நம்பர், எல்லா காலேஜ்லயும் வராது. படிப்பு லோன் வட்டிக்கு வரிக் கழிவு இருக்கேன்னு ஒருத்தர் வருவாரு, அது பழைய வரி ரெஜிம்ல இருந்தாத்தான், அதுவும் வட்டிக்கு மட்டும்தான், அசலுக்கு கிடையாது. பொண்ணுங்களுக்கும் வேலை அனுபவத்துக்கும் நிறைய ஐஐஎம்ல ஷார்ட்லிஸ்ட்ல தனி மார்க் உண்டு, ஆனா பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி மார்க்கையும் தோண்டி எடுப்பாங்க, அதையும் பாத்துட்டு இறங்குங்க.

கோவை_ரெக்கன்:
ஷேர்டு சர்வீஸ்ல (பல கிளை கம்பெனியோட கணக்கு வேலைய ஒரே இடத்துல செய்ற ஆபீஸ்) மேனேஜரா இருக்கேன், ஆள் எடுக்குற பக்கத்துல இருந்து சொல்றேன். ஆன்லைன் எம்பிஏ எங்களுக்கு ஒரு டிக்கு, அவ்ளோதான். ஹெச்ஆர் சிஸ்டம்ல பிஜின்னு ஃபில்டர் போட்டா உங்க பேர் மேல வரும், அதுக்கு அப்புறம் இன்டர்வியூல எம்பிஏல என்ன படிச்சீங்கன்னு நான் ஒரு தடவை கூட கேட்டதில்ல. நான் கேக்குறது குளோசிங்க ரெண்டு நாள் முன்னாடி முடிக்க என்ன செஞ்ச, அந்த என்டிட்டி டிரான்சிஷன (ஒரு கிளை கம்பெனி கணக்கு நம்ம டீமுக்கு மாறுறது) யாரு எடுத்தா, பிளாக்லைன்ல (கணக்க ஒப்பிட்டுப் பாக்குற சாஃப்ட்வேர்) மேட்சிங் ரூல் எழுதத் தெரியுமா, இந்த மாதிரி. ஆனா ஃபில்டர்ல பேரே வரலன்னா என்கிட்ட வரவே மாட்டீங்க, அதனால டிக்க கேவலமா பேசவும் முடியாது.

சேர்றதா இருந்தா யூஜிசி-டெப் (தொலைதூர, ஆன்லைன் படிப்ப பாக்குற யூஜிசி பிரிவு) லிஸ்ட்ல அந்த யூனிவர்சிட்டி, அந்த கோர்ஸ், அந்த வருஷத்துக்கு இருக்கான்னு பாத்துட்டு சேருங்க. ஏஜென்ட் காட்டுற பிடிஎஃப நம்ப வேணாம். அங்கீகாரம் இருந்தா ரெகுலர் டிகிரிக்கு சமம்னு 2022லயே யூஜிசி சொல்லிருச்சு, இன்டர்வியூல யாராவது மூக்க சுளிச்சா அத தைரியமா சொல்லலாம்.

டல்லாஸ்_டெபிட்:
இங்க இருக்கிற யூட்யூப் வீடியோ பாத்துட்டு யாராவது "அக்கவுண்டன்ட்னா மாஸ்டர்ஸ் கட்டாயம்"னு சொல்லியிருந்தா அது அமெரிக்கா கதை. இங்க சிபிஏ (நம்ம ஊரு சிஏ மாதிரி) லைசென்ஸுக்கு 150 கிரெடிட் கேப்பாங்க, டிகிரில 120தான் வரும், மிச்ச 30க்காகத்தான் பாதி பேரு மாஸ்டர்ஸ் சேர்றாங்க, படிப்பு மேல ஆசைல இல்ல. அதையும் இப்ப தளர்த்திட்டு வர்றாங்க, ஒஹாயோல 2025 ஜனவரில டிகிரியோட ரெண்டு வருஷ அனுபவம் போதும்னு சட்டம் போட்டாச்சு, வேற ஸ்டேட்டும் பின்னாடியே வருது. அந்த காரணம் உங்களுக்கு பொருந்தாது, இந்தியால இருந்துக்கிட்டு அத வச்சு முடிவு எடுக்காதீங்க.

விருதுநகர்_வவுச்சர்:
எல்லாருக்கும் நன்றி. பாண்டி அண்ணா, நேர்மையா சொல்லணும்னா எனக்கு குளோசிங் வேலை பிடிக்கும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகுறப்ப வர்ற சந்தோஷம் வேற எதுலயும் இல்ல 😅 ஸ்ட்ராடெஜி, கேஸ் ஸ்டடி எல்லாம் நினைச்சாலே கொட்டாவி வருது. அண்ணாச்சி, செகண்ட் குரூப் எழுத ஆசைதான், ஆனா லீவு? குளோசிங் மாசாமாசம் வருது, மூணு மாசம் லீவு எல்லாம் எங்க மேனேஜர் கனவுல கூட தர மாட்டாரு. ஃபைனல்ல இன்னும் ஆறு பேப்பர் வேற இருக்கு.

திருப்பூர்_ஆடிட்டர்:
டேலி ஆனா சந்தோஷப்படுற பொண்ணுக்கு எம்பிஏ எதுக்கும்மா. மூணு மாசம் வேணாம். குளோசிங் முதல் வாரத்தோட முடியுதுல்ல, மாசத்துல மிச்ச மூணு வாரம் காலைல ரெண்டு மணி நேரம் உக்காரு, பரீட்சைக்கு முன்னாடி பிரிவிலேஜ் லீவ சேத்து வச்சு ஒரு மூணு வாரம் எடு. காஸ்டிங்க முதல்ல முடி, அதுலதான் அக்ரிகேட் (மொத்த மார்க்) தூக்கும். ஆடிட்டிங் நீ ஆர்டிகிள்ஷிப்ல பாத்ததுதான், ஸ்டாண்டர்ட்ஸ் பேர மட்டும் மனப்பாடம் பண்ணு. ஃபைனல பத்தி இப்ப பேசாத.

கோவை_ரெக்கன்:
நான் அண்ணாச்சியோட பாதி ஒத்துப்போறேன். ஃபைனல் வரைக்கும் போக எவ்ளோ வருஷம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதுவரைக்கும் போஸ்டிங் காத்துட்டு இருக்காது. சிஎம்ஏ இந்தியாவும் அந்த லிஸ்ட்ல இருக்கே, ஏன் யாரும் பேசல? சிஏ இன்டர் முழுசா பாஸ் பண்ணிட்டா அங்க பேப்பர் விலக்கு ஏதாவது கிடைக்குதான்னு இன்ஸ்டிட்யூட்லயே நேரா கேளுங்க, சிலபஸ் நிறைய ஒண்ணுதான். அப்புறம் உங்க கம்பெனில ஃபீஸ் திருப்பித் தர்ற பாலிசி இருக்கா?

விருதுநகர்_வவுச்சர்:
இருக்கு அண்ணா, இன்னைக்கு ஹெச்ஆர்ல கேட்டேன். பாதி ஃபீஸ் தருவாங்களாம், யூஜிசி டிகிரிக்கும் புரொஃபஷனல் கோர்ஸுக்கும் ரெண்டுக்குமே உண்டு, முடிச்சதுல இருந்து ரெண்டு வருஷம் இருக்கணும், முன்னாடி போனா திருப்பிக் கட்டணும். சிஏ எழுதுறதுக்கு கோச்சிங் ஃபீஸ் அதுல வருமான்னு தெரியலன்னு சொன்னாங்க.

கோவை_ரெக்கன்:
கோச்சிங் வருமான்னு மெயில்ல கேட்டு பதில் வாங்கிக்கோங்க, வாய்ல சொன்னது நாளைக்கு ஹெச்ஆர் மாறினா நிக்காது. அந்த மெயில்லயே இன்னொண்ணும் கேளுங்க: சிஏ இன்டர் ரெண்டு குரூப்பும் முடிச்சு 4 வருஷ அனுபவம் இருந்தா அந்த போஸ்டிங்குக்கு எக்செப்ஷன் உண்டான்னு. எங்க பக்கம் உண்டு, ஹையரிங் மேனேஜர் எழுதிக் குடுத்தா போதும். உங்க ஆளு எழுதிக் குடுப்பாரான்னு நீங்கதான் பாக்கணும்.