வேகமாக ஓட்டினால் பிரேக் பெடல் அடிவரை போகிறது, உதவுங்கள்

கொழும்பில் இருக்கிறேன். கார் 2008 சுசுகி ஸ்விஃப்ட், மெனுவல் கியர். கட்டுக்குருந்த ஓட்டப்பாதையில் சில சுற்று வேகமாக ஓட்டியதும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடியைத் தொட்டுவிடுகிறது. போன மாதம் பெடலை விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்துத்தான் நிறுத்தினேன். நன்றாகப் பயந்துவிட்டேன். ஆறியதும் பெடல் பழையபடி இறுகிவிடும். வீதியில் ஒரு குறையும் இல்லை.

பஞ்சிகாவத்தையில் புது பிரேக் பேட் வாங்கிப் போட்டாச்சு. டொட் 4 பிரேக் ஒயில் புதிதாக ஊற்றி, நாலு சக்கரத்தின் பிரேக் குழாய்களிலும் இருந்த காற்றை வெளியே எடுத்தாச்சு. கசிவும் இல்லை. புது டொட் 4 கொதிக்கக் குறைந்தது 230 பாகை வேண்டுமே, ஈரம் ஏறினால்தானே 155 வரை இறங்கும்? அப்படியும் அதே பிரச்சினை. இது தீரும்வரை ஓட்டப்பாதைக்குப் போகமாட்டேன்.

அடுத்து எதை மாற்றிப் பார்க்கலாம்: டொட் 5.1 ஒயிலா, ரப்பர் ஹோஸா, மாஸ்டர் சிலிண்டரா?