தாய்லாந்து உணவக அடுப்படியில் 'இறைச்சி வேண்டாம்' என்று வரும் சீட்டு

தாய்லாந்து உணவகத்தில் சமையல் வேலை என்றாலே எல்லாரும் காரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். காரம் பழகிவிடும். பட் கப்ராவ் என்ற துளசி வறுவலுக்கு ஆர்டர் வந்து, இடித்த பூண்டும் மிளகாயும் காய்ந்த வாணலியில் விழுந்தால் அடுப்படி மொத்தமும் இருமும். பாத்திரம் கழுவுகிறவர் முன்கூட்டியே கதவைத் திறந்து வைத்துவிடுவார். அவ்வளவுதான். எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குவது 'இறைச்சி வேண்டாம்' என்று வரும் சீட்டு.

ஒரு சனிக்கிழமை இரவு, நல்ல கூட்டம். 'கிரீன் கறி, காய்கறி மட்டும்' என்று ஒரு சீட்டு. கெட்டித் தேங்காய்ப்பாலை வாணலியில் ஊற்றி, எண்ணெய் பிரியக் காத்திருந்தேன். மேலே எண்ணெய் மினுங்கிய பிறகு விழுதைப் போட்டு வதக்கினால்தான் வாசனை எழும். அதற்குள் எங்கள் தலைமைச் சமையல்காரர், வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பக்கத்து அக்கா, பரிமாறும் தம்பியைக் கூப்பிட்டு, "மீன் சாப்பிடுவாரா, கேட்டு வா" என்றார். சாப்பிட மாட்டாராம்.

வம்பு அங்கேதான். லெமன்கிராஸ், பேரரத்தை, கொத்தமல்லி வேர், பச்சை மிளகாயோடு இறால் விழுதையும் சேர்த்து இடித்ததுதான் அந்தக் கறி விழுது. மீன் சாஸை விட்டுவிடலாம், சிப்பியில் செய்யும் ஆய்ஸ்டர் சாஸை விட்டுவிடலாம். இடித்துக் கலந்ததை எப்படி எடுப்பது? பாட் தாய் என்ற வறுத்த நூடுல்ஸும் அப்படித்தான். புளி, பனை வெல்லம், மீன் சாஸ் மூன்றையும் காலையிலேயே ஒரே பானையில் காய்ச்சி வைத்துவிடுகிறோம். முட்டையும் இறாலும் இல்லாமல் கேட்டாலும் மீன் உள்ளேதான் இருக்கும்.

விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் எழுந்தே வந்துவிட்டார். "எல்லாத் தாய்க் கடையிலும் இதைத்தானே சாப்பிடுகிறேன்!" அக்கா எதுவும் பேசவில்லை. விழுது டப்பாவைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினார். முகர்ந்தவர் முகம் மாறியது. "அப்போ இத்தனை நாளாக?" என்றார். அதற்கு நாங்கள் என்ன பதில் சொல்ல? சோயா சாஸில் வதக்கிய டோஃபுவும் காய்கறியும் கொடுத்தோம். சாப்பிட்டார், பாவம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் தாய்க் கடையில் 'ஜே' என்று சொல்லிப் பாருங்கள். தாய்லாந்தின் சைவத் திருவிழாவில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் இதைத்தான் எழுதியிருப்பார்கள். மீன் சாஸ், இறால் மட்டுமல்ல, முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. பூண்டு இல்லாத கறி எனக்குப் பிடிக்காது, அது வேறு கதை. சமைக்கிறவர் தாய்க்காரராக இல்லாவிட்டால் இந்தச் சொல் புரியாமலும் போகலாம். அப்போது மீன் சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், இறால் விழுது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அந்த இரவுக்குப் பிறகு, இறால் விழுதுக்குப் பதில் புளிக்கவைத்த சோயா பீன்ஸ் போட்டுத் தனியாக ஒரு விழுது இடிக்கிறோம். அதற்கென்று ஒரு வாணலியும் ஒதுக்கியாயிற்று. கூட்ட நேரத்தில் யாராவது அதில் இறாலைப் போட்டுவிட்டால் அக்கா கத்துவது வாசல் மேசை வரை கேட்கும்.