சர்க்கரை நோயால் காது மந்தமாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. இப்போது டிவி சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார், பேத்தி பேசுவது மட்டும் புரியவில்லை என்கிறார். வயசு என்று விட்டுவிடலாமா?

பதில் 1: விடாதீர்கள். சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் கண், சிறுநீரகம் போலவே உள்காதின் மெல்லிய ரத்தக்குழாய்களும் நரம்பும் கெடலாம். 2008இல் வந்த அமெரிக்க ஆய்வில் சர்க்கரை உள்ளவர்களிடம் கேள்திறன் குறைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பெரும்பாலும் கீச்சுக்குரல்தான் முதலில் நழுவும்.

பதில் 2: என் அம்மாவுக்கும் இதேதான். கண்ணையும் காலையும் வருடாவருடம் பார்த்தோம், காதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. ஆடியோகிராம் (எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுங்கள், வலிக்காது. அதற்கு முன் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3: ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். அதற்கு மருந்தாக ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை எகிறும், அதனால் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதையும் சொல்லிவிடுங்கள்.