‘பனிக்காத ஈரப்பதம்’: கையேட்டுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

கைபேசிக் கையேடு ஒன்றின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். கருவி இயங்குவதற்கு உகந்த சூழலாக, சார் ஈரப்பதம் (காற்று கொள்ளக்கூடிய உச்ச ஈரத்தில் இப்போதுள்ள பங்கு) 5 முதல் 95 விழுக்காடு வரை இருக்கலாம் என்றும், ஆனால் ஆவி நீராகப் படியக் கூடாது என்றும் அதில் உள்ளது. அந்தப் பிற்பகுதிக்கு, அட்டவணையின் சிறு கட்டத்தில் அடங்கும்படி ஓர் அடைமொழி தேவை. ஈரக்காற்றில் சிக்னல் குறைவதற்கு ‘ஈரத்தடை’ என்று எழுதியிருக்கிறேன், அது பொருந்துமா?

மறுமொழி:

ஈரத்தடையை அடித்துவிடுங்கள், சொல்லில் குறை இல்லை, அது சுட்டும் பொருள்தான் இல்லை. நீராவி வானலைகளைக் குறிப்பிடத்தக்க அளவில் உறிஞ்சத் தொடங்குவது 22 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான். கைபேசிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ் முதல் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், நீராவியால் ஏற்படும் இழப்பு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டெசிபலின் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. கருவியைப் பிடித்திருக்கும் கை அதைவிடப் பன்மடங்கு மறைக்கிறது. நனைந்த இலைகளும், 26 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவெண்களில் பெருமழையும் உண்மையிலேயே தடுக்கும். ஆனால் அவை நீர், நீராவி அல்ல. இன்னொன்றும் உண்டு. தரையை ஒட்டிய காற்றில் ஈரம் மிகுந்து, மேலே செல்லச் செல்லச் சட்டெனக் குறையும்போது, அலைகள் கீழ்நோக்கி வளைந்து, வழக்கமாக எட்டாத தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்தெல்லாம் வந்து குறுக்கிடும். வரக் கூடாதது வந்து சேர்வதைத் தடை என்று எப்படி எழுதுவது?

ஈரம் கைபேசிக்குச் செய்யும் கேடு பெரும்பாலும் அதன் உள்ளேதான் நிகழ்கிறது. 32 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 28 பாகை. குளிரூட்டிய அறையில் 22 பாகைக்குக் குளிர்ந்த கைபேசியை அக்காற்றுக்குள் கொண்டுவந்தால், கேமரா ஆடியின் உட்புறம் மங்கும். மின்னேற்றும் துளையின் இதழ்களில் மெல்லிய நீர்ப்படலம் பூக்கும். தொடுதிரை தொடாத இடத்தைத் தொட்டதாக எண்ணிக்கொள்ளும். மின்னழுத்தம் உள்ள இரு தொடுமுனைகளுக்கு இடையே அப்படலம் நின்றுவிட்டால், உலோக அயனிகள் நகர்ந்து, கிளைவிட்ட இழைகளாக வளர்ந்து, குறுக்குச்சுற்றை உண்டாக்கும். தூசியும் நீரும் புகாமைக்கான ஐபி67 என்னும் தரமும் இதற்குக் காப்பு ஆகாது. அதன் நீர்ச்சோதனை 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்க வைப்பது மட்டுமே. நீரைத் தடுக்கும் சவ்வு ஆவியை விட்டுவிடும்.

ஆகவே ‘பனிக்காத’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. பனிநிலை என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், பனித்தல், பனிக்காத என்று ஒரே குடும்பமாக நிற்கும்.

மறுமொழி:

ஐயா, பனித்தலுக்கு நடுங்குதல் என்ற பொருளும் உண்டென்பதை மறக்கலாகாது. குறளில் ‘பனிவாரும் கண்’ என்ற இடத்தில் பனி நீராகிறது; ‘பனிஅரும்பி’ என்ற இடத்தில் பரிமேலழகர் நடுக்கம் என்றே உரை காண்கிறார். அழைப்பு வரும்போது அதிரும் கருவிக்குப் ‘பனிக்காத’ என்று அடைமொழி தந்தால், அதிர்வை நிறுத்திவிட்டதாக அல்லவா பொருள்படும்! ‘ஓதமேறாத’ என்பதே தூய சொல். சுவரில் ஓதம் ஏறுகிறது என்று கொத்தனாரும் சொல்கிறார். கன்னடத்தின் ‘ஒத்தெ’ (ஈரம்) இதனோடு உறவுடையது என்பது என் ஊகம். அதை விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

மறுமொழி:

ஓதம் மெல்ல ஊறி ஏறுவது. இதுவோ காற்றிலிருந்து நொடியில் படிவது. கடல் அலைக்கும் ஒரு நோய்க்கும் அதே பெயர் என்பதையும் கருதுங்கள். ‘நீர்கோக்காத’ என்றால் விளங்காதவர் உண்டா?

மறுமொழி:

ஆவி நீராவதை இலங்கைப் பாடநூல்களில் ஒடுங்கல் என்றே பயின்றோம். எனவே ‘ஒடுங்காத சாரீரப்பதன்’ எங்களுக்கு இயல்பானது. சாரீரத்தோடு குழப்பிக்கொள்பவர்களுக்காக, சார் ஈரப்பதன் என்று பிரித்து எழுதவும் உடன்படுகிறேன். நீர்கோத்தலைக் கேட்டால் தடிமன் (சளி) பிடித்த தலைதான் நினைவுக்கு வருகிறது.

மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. ஈரத்தடையை நீக்கிவிட்டேன். தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் ‘பனிக்காத’ என்பதற்கே ஆதரவு சற்று மிகுதி என்பதால், அதையே கட்டத்தில் இட்டு, ‘கருவியின் மேலும் உள்ளும் நீர் படியாத நிலை’ என்று அடிக்குறிப்பும் சேர்த்திருக்கிறேன்.

மறுமொழி:

அடிக்குறிப்பு இல்லாமல் நிற்காத சொல்லைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். என் மறுப்பு அப்படியே இருக்கிறது. ஓதம் பற்றிய மடல் நாளை வரும்.