இடைவெளி விட்டுப் படம் எடுக்க நல்ல இடம் சொல்லுங்கள்

வணக்கம். நெடுநாள் கழித்துத் தோழிகள் ஐவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளப் போகிறோம். ஒருத்தி இப்போதுதான் சிகிச்சை முடிந்து தேறி வருகிறாள். ஆகவே திறந்தவெளியில், ஆளுக்கு ஆள் 2 மீட்டர் தள்ளித்தான் நிற்போம். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நம் வட்டாரத்தில் அகலமான படித்துறையோ மரங்கள் அணிவகுத்த பாதையோ இருக்கிறதா? படிகளில் முன்னும் பின்னுமாக நின்றால் இடைவெளி வெறுமையாகத் தெரியாது. 85 எம்.எம். லென்ஸ் வைத்திருக்கிறேன். வெகுதூரம் பின்னால் போய் எடுத்தால் முன்னும் பின்னுமாகத் தள்ளி நிற்பவர்களும் நெருங்கி நிற்பதுபோல் தெரிவார்கள். அதற்கு நீளமான இடம் வேண்டும். சூரியன் மறைவதற்கு முந்தைய வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும்.

வார நாள் மாலையில் அங்கே கூட்டம் இருக்குமா, அனுமதி வாங்க வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.