முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவதை நார்மலாக முயலலாமா?

பொருநைப்பெண்: எனக்கு இப்போது 32 வாரம். முதல் குழந்தைக்குக் கடைசிவரை தலை திரும்பவில்லை, அதனால் சிசேரியன். அவனுக்கு மூன்று வயது ஆகிறது. இந்தக் குழந்தை தலை கீழாகத்தான் இருக்கிறது. ஆனால் டாக்டர், "ஏற்கெனவே தையல் இருக்கு, ரிஸ்க் எதுக்கும்மா, நேராவே சிசேரியன் பண்ணிடலாம்" என்கிறார். மாமியார் 37ஆவது வாரத்தில் நல்ல நட்சத்திரம் பார்த்து வைத்துவிட்டார். எனக்கு நார்மலுக்கு முயல ஆசை. உங்கள் கருத்து என்ன?

காவிரிக்கரை: கட்டாயம் முயலுங்கள் தோழி. தலை திரும்பாததுதான் காரணம் என்றால் அது அந்தக் குழந்தையோடு முடிந்துபோன விஷயம். உங்கள் இடுப்பெலும்பில் குறை என்று யாரும் சொல்லவில்லையே. ஒரு சிசேரியனுக்குப் பிறகு முயல்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்கு நார்மல் ஆகிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. ஊர் மாறினால் சரி, வாசல் மாறினால் பெண்களின் உடம்பு மாறிவிடுமா? நாட்டளவில் 10 சதவீதத்துக்கு மேல் போனால் தாய், சேய் உயிரிழப்பு அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே சொல்லிவிட்டது.

மஞ்சள்நகர் அம்மா: மாநிலக் கணக்கை வைத்து ஒரு பெண்ணின் பிரசவத்தை முடிவு செய்ய முடியாது. பிரசவ வலியின்போது பழைய தழும்பு விட்டுக் கர்ப்பப்பை கிழிந்துபோக இருநூறில் ஒரு வாய்ப்பு. சிறிய எண்தான், ஆனால் நடந்தால் குழந்தையைக் காப்பாற்ற நிமிடங்கள்தான் இருக்கும். முயன்று பாதியில் தோற்று அவசரமாக வயிற்றைக் கிழிப்பதில், திட்டமிட்ட சிசேரியனைவிடத் தொற்றும் ரத்தப்போக்கும் அதிகம்.

நார்மல் என்றால் ஒன்றுமே ஆகாது என்ற பேச்சையும் நிறுத்த வேண்டும். எனக்கு நார்மல்தான். ஆயுதம் போட்டு எடுத்ததில் ஆசனவாய் வரை கிழிந்தது. தையல் ஆறிய பிறகும் மலம் அடக்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்திக்கு முன்னால் கழிவறை எங்கே என்று பார்ப்பேன். இதைப் பிரசவத்துக்கு முன்னால் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை.

லேபர்வார்டு செவிலி: அம்மா சொன்னதில் பொய் இல்லை. அப்படிப்பட்ட கிழிசல் பெரும்பாலும் முதல் நார்மலில்தான் வரும், ஆயுதம் போட்டால் வாய்ப்பு இன்னும் கூடும். பொருநைப்பெண்ணுக்கு இதுதான் முதல் நார்மலாக இருக்கும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் முதலில் உங்கள் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். தோலில் தெரியும் தழும்பு குறுக்காக இருப்பதால் உள்ளேயும் குறுக்காகத்தான் வெட்டியிருப்பார்கள் என்று அர்த்தமில்லை. கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்கு வெட்டு என்றால் முயலவே கூடாது. கீழ்ப்பகுதியில் குறுக்கு என்றால் பேசலாம்.

அப்புறம் ஆஸ்பத்திரி. ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா, ஃபோன் போட்டு வரவழைப்பார்களா? ரத்தம் கையில் இருக்குமா? வலி நேரம் முழுக்கக் குழந்தையின் இதயத்துடிப்பை மானிட்டரில் பார்ப்பார்களா? தழும்பு விடும்போது பெரும்பாலும் முதலில் தெரிவது அந்தத் துடிப்பு இறங்குவதுதான், வயிற்றுவலி அல்ல. வலி வர ஊசி போட்டால் தழும்பு விடும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு ஆகும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வசதியெல்லாம் இல்லாத இடத்தில் உங்கள் டாக்டர் தயங்குவது நியாயம்தான்.

காவிரிக்கரை: அப்படியென்றால் "எங்களிடம் வசதி இல்லை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்" என்று அவர் சொல்ல வேண்டும். "ரிஸ்க் எதுக்கு" என்றால் சிசேரியனில் ரிஸ்க்கே இல்லை என்றாகிவிடும். வெட்ட வெட்ட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஊன்றிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம்.

மஞ்சள்நகர் அம்மா: மூன்றாவது, நான்காவது பெறுகிறவர்களுக்கு அந்தக் கவலை பெரிது. இரண்டோடு நிறுத்துகிறவருக்கு அதே எடை போடாதீர்கள். ஒன்றில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன்: நட்சத்திரத்துக்காக 37இல் எடுக்கக் கூடாது. மூச்சுத் திணறி இன்குபேட்டரில் கிடக்கப்போவது குழந்தை. சிசேரியனே என்றாலும் 39 வாரம் ஆகட்டும்.

பொருநைப்பெண்: சம்மரியைப் பார்த்துவிட்டேன், கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டோடு நிறுத்துவதாகத்தான் இருக்கிறோம். இருந்தாலும் முயல ஆசை போகவில்லை. அடுத்த செக்கப்பில் ராத்திரி மயக்க மருந்து டாக்டர் பற்றிக் கேட்கிறேன். இல்லை என்றால் மருத்துவக் கல்லூரியில் போய்ப் பதிந்துகொள்கிறேன். 37ஆவது வார நாள் வேண்டாம் என்று மாமியாரிடம் கணவர் இன்றே பேசுகிறார்.